ராதோய்காவின் நிலவறைக் காளான்

ராதோய்கா வெங்காயம் நறுக்கும்போது அழமாட்டாள். மற்ற எல்லாவற்றுக்கும் அழுவாள். வால்யெவோ ஊரில் அவள் சட்டை தைத்துக்கொண்டிருந்த ஆலையை மூடியபோது அழுதாள். மகள் கல்யாணமாகி வியன்னாவுக்குப் போனபோது அழுதாள். பக்கத்து வீட்டுப் பூனை தொலைந்ததற்கும் அழுதாள், அது திரும்பி வந்ததற்கும் அழுதாள். ஆனால் போன வருஷம் டிசம்பரில், தங்கள் குடும்பத்தின் காவல் புனிதரான நிக்கோலாவின் திருநாளன்று, அழ வேண்டிய இடத்தில் அவள் அழவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

அந்த நாள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்புக்குள் வருகிறது. இறைச்சி கிடையாது, முட்டை கிடையாது, பாலும் கிடையாது, மீன் மட்டும் ஆகும். ஆனால் கதவைத் தட்டுகிற எவரையும் பட்டினியாக அனுப்பவும் கூடாது. மீன் வறுவலும் அவரைக்கொட்டையும் இருந்தாலும், விருந்தின் ராஜா புளித்த முட்டைக்கோஸ் இலையில் காளானும் அரிசியும் வைத்துச் சுருட்டி வேகவைக்கும் சுருள்தான். அன்று சந்தையில் வாங்கிய காளான் தண்ணீர் விட்டுக்கொண்டது. சுருள்கள் பிரிந்து கஞ்சியாயின. கடைசியாக வந்தவர்களுக்குச் சட்டியே காலி.

அப்போதுதான் ராதோய்காவின் நாத்தனார் கோசாரா, அத்தனை பேர் முன்னாலும் வாயைத் திறந்தாள்.

“எங்கம்மா இருந்தவரைக்கும் இந்த வீட்டுல யாரும் அரை வயித்தோட எழுந்திரிச்சதில்ல.”

அழுதிருந்தால் நாலு பேர் தட்டிக்கொடுத்திருப்பார்கள், விஷயம் முடிந்திருக்கும். ராதோய்கா நிமிர்ந்து நின்றாள். “அடுத்த வருஷம் என் கையால வளத்த காளான்லயே சமைக்கிறேன், அக்கா. அது பத்தலைன்னா, அதுக்கப்புறம் இந்தச் சமையல் உங்களோடது” என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் எதைப் பணயம் வைத்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. புனிதர் நாளில் அடுப்பை இன்னொருத்தியிடம் கொடுப்பவள், மிச்ச நாளெல்லாம் அந்த வீட்டில் விருந்தாளிதானே.

வசந்தத்திலேயே வேலையைத் தொடங்கினாள். வைக்கோலை நறுக்கி வெந்நீரில் ஊறப்போட்டாள். பிழிந்தால் இரண்டு சொட்டு வருகிற பதத்தில் எடுத்து, காளான் விதையோடு அடுக்கடுக்காகப் பைகளில் அடைத்து, பைகளில் துளை போட்டு நிலவறையில் தொங்கவிட்டாள். வைக்கோல் முழுவதும் வெள்ளை நூல் பரவி, பை தலையணைபோல் இறுகியது. ராதோய்கா சந்தோஷத்தில் அழுதாள்.

அப்புறம் முளைத்ததைப் பார்த்துத்தான் உண்மையாக அழுதாள். சிப்பிபோல் விரிய வேண்டிய காளான், ஆணிபோல் நீண்டு நின்றது. காம்பு விரல் நீளம், குடை சட்டைப் பொத்தான் அளவு. தண்ணீர் தெளித்தாள், அதே ஆணி. விதையைக் கூட்டினாள், கூடுதலாக ஆணி. விளக்கைப் போட்டு வைத்தாள், வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிகிற ஆணி. அவள் புருஷன் ஒப்ராத், இதை வைத்துக் கூரைக்கு ஓடு அடிக்கலாமே என்று யோசனை சொல்லி, அன்று முழுக்கப் பழைய ரொட்டி தின்றான்.

வேனில் போய்விட்டது. ஒரு தட்டுக்குக்கூடக் காளான் சேரவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த கோசாரா தன் பெரிய சட்டிக்கு ஈயம் பூசக் கொடுத்திருப்பதாகச் செய்தி வந்தது.

இலையுதிர் காலத்தில் வீடுதோறும் முட்டைக்கோஸைப் பீப்பாயில் உப்புப் போட்டு வைப்பார்கள். ஒப்ராத் அந்தப் பீப்பாயை நிலவறைக்குள் உருட்டியபோது இடம் போதவில்லை. ஒரு பையைத் தூக்கி விறகுக் கொட்டகையில் மாட்டிவிட்டு, அதை மறந்தும்போனான். கொட்டகைச் சுவர் வெறும் பலகைச் சட்டம். இந்தப் பக்கம் நுழைகிற காற்று அந்தப் பக்கம் வெளியேறும்.

மழை விட்ட ஒரு காலையில் விறகெடுக்கப் போன ராதோய்கா அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பையிலிருந்து கொத்துக் கொத்தாகக் காளான் வழிந்தது. காம்பு குட்டை, ஒவ்வொரு குடையும் உள்ளங்கை அகலம். அதே வைக்கோல், அதே விதை, அதே கை. வித்தியாசம் ஒன்றுதான். கன்னத்தில் சில்லென்று அடித்துக்கொண்டிருந்தது அது.

காற்று.

நிலவறையில் காற்றுத் துளைகள் இல்லாமலில்லை. எதிரெதிரே இரண்டு இருந்தன. இரண்டிலும் ஒப்ராத்தின் பழைய காலுறைகள் அடைத்திருந்தன. அடைக்கச் சொன்னதே ராதோய்காதான். குறுக்குக் காற்று பட்டால் கழுத்துப் பிடிக்கும், காது அடைக்கும், சிறுநீரகம் கெட்டுப்போகும் என்பது இந்த ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். பேருந்தில் வியர்த்துச் செத்தாலும் எதிரெதிர் ஜன்னலைத் திறக்கமாட்டார்கள். மனுஷருக்கு ஆகாதது காளானுக்கு மட்டும் ஆகுமா என்று நினைத்து, குழந்தையைப் போர்த்துவதுபோலப் பொத்திப் பொத்தி வைத்து, அதற்கு மூச்சு முட்ட வைத்திருந்தாள்.

காலுறைகளைப் பிடுங்கி எறிந்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் துளைகள் மறுபடி அடைபட்டிருந்தன. இந்த முறை புதுக் காலுறை.

“எதுக்கு அடைச்ச?” என்றாள்.

“நீ உள்ள வேர்க்க வேர்க்க நிக்கிறியே. எங்க மாமா எப்படிச் செத்தார்னு மறந்துட்டியா?”

“எண்பத்தொம்பது வயசுல செத்தார்.”

“அன்னைக்கு ஜன்னல மூடியிருந்தா தொண்ணூறப் பாத்திருப்பார்.”

ராதோய்கா படிக்கட்டிலேயே உட்கார்ந்தாள். “நான் எப்பச் சாவேன்னு எனக்குத் தெரியாது, ஒப்ராத். ஆனா அந்தச் சட்டியோட உங்கக்கா இந்த வாசப்படி ஏறுற அன்னைக்கு, நான் இந்த வீட்டுல பாதி செத்தவ.” சொல்லும்போது அவள் கண்ணில் ஒரு சொட்டு நீரில்லை. பூனைக்கு அழுகிற மனைவி அழாமல் பேசுவதைக் கண்டு ஒப்ராத் பயந்துபோனான். ஆட்டுத்தோல் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு, கழுத்தில் இரண்டு சால்வை சுற்றிக்கொண்டு, நிலவறைக்குள் இறங்கித் தன் கையாலேயே இரண்டு துளைகளையும் திறந்தான். பகையாளியின் கோட்டைக்குள் போய்வந்தவன்போல் மேலே வந்து ஒரு கோப்பை ப்ளம் சாராயம் குடித்தான்.

காற்றுப் பட்டால் சீக்கிரம் காயுமே. அதனால் ராதோய்கா பையின் மேல் தண்ணீர் அடிக்காமல், தரையையும் சுவரையும் நனைத்தாள். குடையின் ஓரம் நிமிர்வதற்குள் கொத்தை அடியோடு திருகி எடுத்தாள். மிச்சக் காம்பு அழுகிப் பையைக் கெடுக்காதபடி சுரண்டினாள். ஓய்ந்த பையைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி எடுத்து மறுபடி தொங்கவிட்டாள். அது இரண்டாம் முறையும் பூத்தது. புனிதர் நாளுக்கு முன்தினம் கூடைகள் வைக்க அடுப்படியில் இடமில்லை. காளானை முதலில் வெறும் சட்டியில் வதக்கி, நீரெல்லாம் சுண்டிய பிறகே அரிசியோடு கலந்தாள்.

மறுநாள் பாதிரியார் வந்து ரொட்டியை ஆசீர்வதித்தார். மெழுகுவர்த்தி எரிந்தது. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இந்த நாளில் வீட்டுத்தலைவன் உட்காரக் கூடாது என்ற வழக்கப்படி ஒப்ராத் நின்றே பரிமாறினான், கழுத்தில் சால்வையோடு. கோசாரா மேசையின் நடுவில் அமர்ந்து ஒரு சுருளைக் கத்தியால் பிளந்து, கடிதத்தைப் படிப்பதுபோல் உற்றுப் பார்த்தாள். தின்றாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டாள். பிறகு கடைசியாக வரும் விருந்தாளிகளுக்காகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களும் வந்தார்கள், இரண்டு தட்டு தின்றார்கள். சட்டியின் அடி தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு கோசாரா அடுப்படிக்கு வந்தாள். ராதோய்கா வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த பதில்கள் நாக்கு நுனிக்கு வந்து நின்றன.

“எங்க வீட்டுக்காரர் மூட்டுவலியில எழுந்து வர முடியாமக் கெடக்கார்” என்றாள் கோசாரா, சுவரைப் பார்த்து. “அவருக்கு ஒரு கிண்ணம் போட்டுக் குடேன்.”

ராதோய்கா பதில்களை விட்டுவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பினாள். இருப்பதிலேயே பெரிய கிண்ணத்தை எடுத்தாள். உடையாத சுருளாகப் பார்த்துப் பார்த்து அடுக்கினாள். மேலே குழம்பு ஊற்றும்போது அவளுக்குக் கண் மறைத்தது.

“அழாத. உப்புக் கூடிரும்” என்றாள் கோசாரா, கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு.