முகத்துவாரம் வெட்டச் சொன்ன அண்ணியார்

கோட்டை வாசலில் ஒல்லாந்தருக்கும் துணி வியாபாரிகளுக்கும் நடுவே துபாசியாக நின்று பேசிக்கொண்டிருந்தேன். வாடைக்காற்று தொடங்குமுன் கடைசிக் கப்பலை அனுப்பிவிட வேண்டுமென்று எல்லோருக்கும் அவசரம். அப்போதுதான் கோட்டைக்குப்பத்திலிருந்து அண்ணன் மகன் ஓடிவந்தான். "சித்தப்பா, அம்மா செத்துப் பூட்ச்சு" என்றான். வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவனோடு ஓடினேன்.

எங்கள் அண்ணியார் கன்னியம்மாள், குப்பத்தை ஒட்டிய கடலோர ஏரியில் கையால் தடவி இறால் பிடித்தவர். ஓர் இடத்தில் உட்காராதவர். அவருடைய வாய்க்கு ஊரே பயப்படும், நானும்தான்.

அண்ணன் ஒரு வாடைப்புயலில் கடலோடு போனார். அந்தக் காற்று நாசமாகப் போகட்டும் என்று நான் சபித்தேன். அழுதுகொண்டிருந்த அண்ணியார் என் மேல் பாய்ந்தார். "இன்னா தம்பி பேசுற? ஆனி, ஆடியில மேக்கேருந்து வர்ற மேகாத்து மலைக்கு அந்தாண்டயே மழைய கொட்டிட்டு, நம்மகிட்ட வெறுங்கையோட வருது. வாடைதான் கடல்ல மொண்டுகினு வந்து நமக்கு ஊத்துது. அதுவும் வரலன்னா ஏரி உப்பாப் பூடும், திருப்பாலைவனத்து வயலுல நெல்லு காயும். எல்லாரும் இன்னா துன்றது?"

பிறகொரு வருடம் மழை பொய்த்தது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டது. வெட்டித் திறக்கலாம் என்றார்கள் ஆண்கள். "உள்ள தண்ணி ஏறாம வெட்டினா கடலு மண்ணத் தள்ளி மறுபடி மூடிடும்" என்று அண்ணியார் தடுத்தார். யாரும் கேட்கவில்லை. அவர் சொன்னபடியே மூடிக்கொண்டது. அந்த வருடம் முழுக்கத் திட்டித் தீர்த்தார். இனி மழையே வராது என்று நான் புலம்பியபோது மட்டும், "ஒரு ஐப்பசிய வெச்சி மழைய எடை போடாத தம்பி. ஒரு தலைமுறைய சேத்துப் பாரு" என்றார்.

மறு வருடம் பேய்மழை. ஆற்று வெள்ளமும் சேர்ந்து ஏரி குப்பத்துக்குள் புகுந்தது. கடலுக்கு வெட்டிவிட ஏற்றபடி மணல் தாழ்ந்திருந்த இடம் அவர் குடிசையோரம். "ஏன் முழிக்கிறீங்க? வெட்டுங்கடா!" என்று கத்தினார். குடிசை போயிற்று. அதன்பின் சட்டி பானைகளைச் சொல்லிச் சொல்லி ஊர் கேட்க அழுதார்.

அவரை மணல்மேட்டில் அடக்கம் செய்து சில நாட்கள்தான் ஆகின்றன. வாடை வலுத்துவிட்டது. தண்ணீர் வீட்டு வாசல்களில் நிற்கிறது, குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறார்கள். கடல் அரித்து அரித்து, இந்த வருடம் மணல் தாழ்ந்திருப்பது அவர் குழியை ஒட்டித்தான். மண்வெட்டியோடு வந்தவர்கள் தலைகுனிந்து நின்றார்கள். வேறு இடம் தேடி நான் அங்குமிங்கும் நடந்தேன். கிடைக்கவில்லை. 

"நீயே சொல்லு சித்தப்பா" என்றான் அண்ணன் மகன்.

"வெட்டுப்பா" என்றேன்.

முதல் வெட்டை அவனே வெட்டினான். ஏரித் தண்ணீர் மணலையும் அவர் குழியையும் கரைத்துக்கொண்டு கடலுக்குப் பாய்ந்தது. குப்பத்தில் வெள்ளம் வடிகிறது. பிள்ளைகளைத் தோளிலிருந்து இறக்கி விடுகிறார்கள்.

போய் வாருங்கள், அண்ணி.