மைக்காவைத் தேய்த்த மத்தியானம்

அந்த வருடங்களில் நான் எதையாவது அளந்துகொண்டே இருந்தேன். கடலூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பித்தளை வால்வுகள் வரிசையாக வரும். கேஜ் என்கிற அளவுக் கம்பியை உள்ளே விட்டுப் பார்ப்பேன். போனால் ஓகே, போகாவிட்டால் சிவப்புத் தட்டு. எட்டு மணி நேரமும் இதுதான். தோசை வட்டமாக வரவில்லை என்று சொல்லி, மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட நாளும் உண்டு.

மனைவியின் தம்பி 2009 கோடையில் துபாயிலிருந்து திரும்பி வந்தான். அங்கே தகடு வெட்டும் மெஷினில் வலது கை மாட்டி, இரண்டு விரல் சரியாக மடங்காமல் போய்விட்டது. அந்தக் கையால் இனி என்ன வேலை செய்வாய் என்று புவனகிரியில் அவன் வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். அவன் சின்ன வயதிலிருந்தே விமானம் செய்து பறக்க விடுகிறவன். சிதம்பரத்தை ஒட்டிய ஒரு கல்லூரியில் ஒர்க்‌ஷாப்புக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய்க் கேட்டான். அங்கிருந்த பேராசிரியர் அவன் கையைப் பார்த்தார். பிறகு, "ஒரு ஜெட் மாடல் செஞ்சு எடுத்துட்டு வாங்க, பறந்துதுன்னா வேலையப் பத்திப் பேசுவோம்" என்றார். நியாயமான பேச்சுதான்.

சாமான்கள் வாங்க வசதி என்று திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட்டான். ஜெட் என்றால் நிஜ ஜெட் இல்லை. வயிற்றுக்குள் பேட்டரியில் சுழலும் சின்ன விசிறி, அவ்வளவே. இறக்கையில்தான் எல்லாம் இருக்கிறது என்பான். தெர்மாகோலைச் சூட்டுக் கம்பியால் அறுத்து, மேலே மெல்லிய மரத்தாள் ஒட்டி, உப்புத்தாளால் இழைத்தான். மடங்காத விரல்களோடு அவன் இழைப்பதைப் பார்க்க எனக்கே கை வலித்தது.

இறக்கையின் மேல்வளைவு வரைபடத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். இரண்டு இறக்கையும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இதைப் பார்க்க, ஆசாரிக் கடையில் மிஞ்சிய மைக்காத் தகட்டில் அந்த வளைவை வெட்டி வைத்திருந்தான். அடியிலிருந்து நுனிவரை ஐந்து இடத்துக்கு ஐந்து துண்டு. துண்டை இறக்கைமேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் வெளிச்சம் கசியக் கூடாது. கசிந்தால் வளைவு தப்பு.

"நீங்க பாத்து ஓகேன்னா ஓகே மாமா. இத விட்டா உங்களுக்கு வேற என்னா வேல?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனியிலும் அளவு, வீட்டிலும் அளவு. இடது இறக்கையை ஒரு சனிக்கிழமை பார்த்தேன். ஐந்து இடத்திலும் துளி வெளிச்சம் இல்லை.

வலது இறக்கையைப் பார்த்தது மறுநாள் மத்தியானம். மச்சான் பிசின் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கரண்ட் வேறு இல்லை, பனியன் நனைந்து முதுகில் ஒட்டியது. மூன்றாவது துண்டை வைத்தேன், அது ஆடியது. நடுவில் தொட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் வெளிச்சம் கசிந்தது. இறக்கை அந்த இடத்தில் கொஞ்சம் புடைத்திருந்தது. சரிசெய்ய வேண்டுமானால் மரத்தாளை உரித்து, இழைத்து, திரும்ப ஒட்டிக் காயவிட வேண்டும். இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாளும் நானும் கூட உட்கார வேண்டும்.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. ஷிப்ட் முடியும் நேரத்தில் ஒரு பீஸில் கேஜ் ஏறவில்லை என்றால் யாரும் பீஸைக் குறை சொல்ல மாட்டோம். "கேஜ்லதாம்பா பிசிறு இருக்கும், லேசா தேச்சு வுடு" என்போம். தேய்த்து விடுவோம், கேஜும் ஏறிவிடும். கேஜைத் தொடக் கூடாது என்று சுவரில் எழுதித் தொங்கவிட்டிருந்ததும் எங்கள் தலைக்கு மேலேதான்.

உப்புத்தாளை எடுத்து மைக்காவைத் தேய்த்தேன். நாலு இழுப்பு, பிறகு இன்னும் நாலு. திரும்ப வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் இல்லை. மச்சான் படியேறி வந்து, "என்னா மாமா?" என்றான். "ஓகே" என்றேன். பாய் விரித்துப் படுத்துத் தூங்கியும் போனேன். நல்ல தூக்கம். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அடுத்த வாரம் இறக்கைகளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் போனோம். கல்லூரி மைதானத்தில் விமானம் ஓடியது, எழும்பியது, ஒரு பெரிய வட்டம் போட்டது. மச்சான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றான். இறங்குவதற்காக வேகத்தைக் குறைத்துத் திருப்பியபோது வலது இறக்கை திடீரென்று சாய்ந்தது. விமானம் அப்படியே குத்திக்கொண்டு தரையில் விழுந்தது. பேராசிரியர் நடந்துபோய் இரண்டு இறக்கைகளையும் எடுத்து, விரலால் தடவிப் பார்த்தார். "வலதுல ஒரு எடத்துல புடைச்சிருக்கு தம்பி. இழைக்கறப்ப கை நிக்கல போல" என்றார். குரலில் கடுமை இல்லை. நான் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம் தாண்டியது. அவன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நீங்க பாத்தப்ப சரியாத்தான் மாமா இருந்துது. அப்புறமா பெயிண்டுக்கு முன்னாடி நான்தான் ஒரு தடவ இழைச்சேன். அதுலதான் கெட்டிருக்கும். மறைக்காம சொல்லுங்க, என் கை போயிடுச்சா?"

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் அமைந்திருக்காது. ஆனால் சொன்ன பிறகு அவன் அக்காவுக்குத் தெரியும், புவனகிரிக்குத் தெரியும், எல்லோருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். அதை நினைத்தபோதே அலுப்பாக இருந்தது.

"கொஞ்ச நாளு கைக்கு ரெஸ்ட் குடு மச்சான்" என்றேன்.

அவன் தலையாட்டினான். மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது தன் வெட்டுக்கத்தி, ரம்பம், சூட்டுக் கம்பி எல்லாவற்றையும் துடைத்து என் மேஜைமேல் வைத்தான். "எனக்கு இனிமே எதுக்கு மாமா, நீங்க வச்சுக்குங்க" என்றான். நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.