பெயிண்டுக்கு அடியில் போன வட்டம்

இடது கை குறுக்குச் சட்டத்தைப் பிடித்திருக்க, வலது கை சின்னச் சுத்தியலால் பற்றவைத்த மூட்டைத் தட்டியது. டங். நல்ல சத்தம். கைகள் அடுத்த சட்டத்துக்கு நகர்ந்தன. டங். புதுப் பச்சைப் பெயிண்ட் விரலெல்லாம் ஒட்டியது. ஆறாவது சட்டம், ஏழாவது சட்டம். டங், டங். லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்த மனிதருக்கு ஒவ்வொரு நல்ல சத்தத்துக்கும் எரிச்சல்தான் ஏறியது. கெட்ட மூட்டு ஒன்று அங்கே இருப்பது அவருக்குத் தெரியும். அது அகப்படும்வரை நல்ல சத்தத்தை வைத்து அவர் என்ன செய்ய?

பெயர் எலியாசர். நாமக்கல் லாரி பாடி பட்டறைகளில் முப்பத்தோரு வருஷமாக வெல்டிங் மேஸ்திரி. அவருக்கு யாரும் தொழில் சொல்லிக் கொடுக்கவில்லை. துண்டு இரும்புகளைப் பற்றவைப்பார். பிறகு தாமே குறுக்கே அறுத்து, இரும்பு உருகி உள்ளே இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். இறங்காத நாளில் சாப்பாடும் இறங்காது. இப்போதும் சந்தேகம் வந்தால் செய்த வேலையை அறுத்துவிடுவார். பட்டறைக்காரர்களுக்கு அவரைப் பிடிப்பதற்கும் பிடிக்காமல் போவதற்கும் இந்த ஒரே குணம்தான் காரணம்.

போன வியாழக்கிழமை கரண்ட் தாழ்ந்து தாழ்ந்து வந்தது. ஒரு மூட்டில் இரும்பு உள்ளே இறங்காமல் மேலேயே உட்கார்ந்துவிட்டது. கரண்ட் சரியானதும் அறுத்துத் திரும்ப வைக்கலாம் என்று சாக்பீஸால் அதில் ஒரு வட்டம் போட்டார். மறுநாள் பெரிய வெள்ளி. அவர் சர்ச்சில் மூன்று மணி நேர ஆராதனையில் உட்கார்ந்திருந்தபோது, பெயிண்டர் இளவழகன் அந்த வட்டத்தின் மேலேயே பிரைமர் அடித்தான். சனிக்கிழமை வேறு வண்டியில் வேலை. ஞாயிறு ஈஸ்டர். திங்கள் காலை முகம் கழுவும்போதுதான் அவருக்கு வட்டம் நினைவுக்கு வந்தது. வந்த நினைவு எந்தச் சட்டம் என்பதை மட்டும் கொண்டுவரவில்லை.

பதினோராவது சட்டம் 'டொக்' என்றது.

"எளவழகா!"

"என்னங்ண்ணா?"

"சாக்பீஸ் வட்டம் உன் கண்ணுக்குத் தெரியலியா?"

"தெரிஞ்சுதுங்ண்ணா. அளவுக்கு ஏதோ போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். நல்ல உருண்டையா இருந்துச்சு."

"உருண்டையா இருந்துச்சாமா!" எலியாசர் மீதி ஐந்து சட்டத்தையும் தட்டிப் பார்த்துவிட்டு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். திட்ட ஆரம்பித்தவருக்கு, மறந்தது தாம்தானே என்று தோன்றவே, அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

பட்டறை முதலாளி சரவணக்குமார் ஓடி வந்தான். ஒன்பதரைக்கு வண்டியை எடுக்க ஆள் வரப்போகிறது. எருமப்பட்டியில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் வசந்தாமணி ஜோசியரிடம் குறித்து வாங்கிய நேரம் அது.

"மேஸ்திரி, பதினாறு சட்டத்துல ஒண்ணுதானுங்க. மீதி பதினஞ்சு தாங்காதா?"

"தாங்கும். ஒரு மழைக்காலம் தாங்கும். அப்புறம் லோடோட தொப்பூர் மலை எறக்கத்துல விட்டுதுன்னா நீங்க போயி முட்டுக் குடுப்பீங்களா?"

"சரிங்க, அறுங்க. மேல பலகையக் கழட்டி மாட்ட மத்தியானம் தாண்டிரும். கரண்டு இல்ல, அதான் லேட்டுன்னு நான் சொல்லிக்கறேன். நீங்க வாயத் தெறக்காம இருங்க, போதும். அந்தக்கா இன்னொரு வண்டிக்கும் பேசியிருக்குது. அது பக்கத்துப் பட்டறைக்குப் போச்சுன்னா, நம்ம ரெண்டு பேரும் இங்க ஈ ஓட்ட வேண்டியதுதான்."

இதுதான் எலியாசருக்கு ஆகாது. புது ஆள் யார் வந்தாலும் இதே சரவணக்குமார் அவர் தோளில் கை போட்டு, "எங்க மேஸ்திரி வேதக்காரருங்க, பொய்யே சொல்ல மாட்டாரு" என்பான். போர்டில் எழுதி மாட்டாத குறைதான். சிலர் கத்தரிக்காய் சேர்ப்பதில்லை, இவர் பொய் சேர்ப்பதில்லை என்பதுபோல் அதை ஒரு பத்தியமாக்கி வைத்திருந்தான். அந்தப் பத்தியத்தையும் ஆள் வந்து நிற்கிற அன்றைக்குப் பார்த்து விடச் சொல்கிறான்.

'ஆண்டவரே, நீர் ஒருத்தராவது இவனுக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா' என்று முணுமுணுத்தபடி இரும்பு அறுக்கும் கிரைண்டரைத் தேடினார்.

ஒன்பது மணிக்கே வசந்தாமணி வந்து இறங்கினாள். பின்னால் அவள் கணவர் அர்த்தநாரி, திருஷ்டி சுற்றப் பெரிய பூசணிக்காயைக் கட்டிப்பிடித்தபடி நடந்து வந்தார். பக்குவமாகச் சொல்ல எலியாசர் நாலு வார்த்தை யோசித்து வைத்திருந்தார். அவை வரவில்லை.

"அம்மிணி, இந்த நேரத்துக்கு வண்டி தர முடியாதுங்க. ஒரு மூட்டு சரியாப் பத்தல. தப்பு என்னுது. தெரிஞ்சு வட்டம் போட்டு வெச்சேன், மறந்துட்டேன்."

"அக்கா, அது வந்து, கரண்டு இல்லீங்க..." என்று நடுவில் நுழைந்தான் சரவணக்குமார்.

வசந்தாமணி மேலே பார்த்தாள். "ஃபேன் சுத்துதே?"

சரவணக்குமார் ஃபேனை இப்போதுதான் முதல்முறை பார்ப்பவன்போல நிமிர்ந்து பார்த்தான்.

"மறந்துட்டீங்களாக்கும்!" அவள் எலியாசரிடம் திரும்பினாள். "ஜோசியரு ஊட்டுல ரெண்டு மணி நேரம் காத்துக் கெடந்து வாங்குன நேரமுங்க இது. உங்களுக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் இல்லாம இருக்கலாம். எங்களுக்கு இருக்குதுங்களே!"

"இருக்குதுங்க."

"இருக்குதுன்னா? இந்தக் காய வெச்சுக்கிட்டு இவரு எத்தன நேரம் நிப்பாரு?"

"எனக்கொண்ணுமில்ல கண்ணு" என்றார் அர்த்தநாரி.

"நீங்க சும்மா இருங்க. எந்த மூட்டுங்க? காட்டுங்க பாக்கலாம்."

சேலையைச் செருகிக்கொண்டு அவள் குனிந்தாள். எலியாசர் பத்தாவது சட்டத்தைத் தட்டினார். பிறகு பதினோராவதைத் தட்டினார். அவள் மறுபடி தட்டச் சொன்னாள். மறுபடியும் தட்டினார்.

"எனக்கே கேக்குதே" என்றாள். குரல் இறங்கவில்லை. "அறுங்க. இங்கயே உக்காந்திருக்கறேன்."

உட்கார்ந்தும் விட்டாள். போனில் ஜோசியரைப் பிடித்துச் சண்டை போட்டு, சாயங்காலம் நாலரைக்கு மேல் இன்னொரு நேரம் வாங்கினாள். எலியாசர் இரண்டு பலகைகளைக் கழற்றி, மூட்டை அறுத்துப் பிரித்தார். உள்ளே இரும்பும் இரும்பும் சேராமல் கறுப்புக் கோடாக ஓர் இடைவெளி. அதை அவள் பக்கம் நீட்டிக் காட்டினார். அவள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு பக்கமும் தேய்த்துச் சுத்தம் செய்து, மூன்று அடுக்காகப் பற்றவைத்து, தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆறவிட்டார். டப்பாவோடு வந்த இளவழகனை, "நான் சொல்றவரைக்கும் பிரஷ்ஷ நனைக்காத" என்று விரட்டினார். ஆறியதும் தட்டினார். டங்.

"மீதியும் தட்டுங்க" என்றாள் வசந்தாமணி.

"காலைலயே தட்டிட்டேனுங்க."

"நான் கேக்கலையே."

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு முதல் சட்டத்திலிருந்து ஆரம்பித்தார். அவள் பதினாறும் கேட்டாள். அதன்பிறகுதான் மூட்டுக்குப் பிரைமரும் பச்சையும் ஏறின, பலகை மேலே போனது. நாலு முப்பத்தைந்துக்குப் பூசணிக்காய் வாசலில் உடைந்தது. அர்த்தநாரி கைகளை உதறிக்கொண்டார்.

"அக்கா, அந்த ரெண்டாவது வண்டி..." என்று இழுத்தான் சரவணக்குமார்.

"அதப் பத்தி இன்னிக்குப் பேசாதீங்க. எனக்கு இன்னும் கோவம் போகல."

"எனக்குமுங்க" என்றார் எலியாசர். பச்சை படிந்த விரல்களைத் துணியில் துடைத்துவிட்டு, வண்டிச் சாவியை அவள் கையில் கொடுத்தார்.