மேல்காட்டுக் கொடிகளின் பெயர்

நிவெஸ் பிறந்தது கீழே சமவெளியில், நெல் விளையும் க்ரூமோலோவில். திராட்சை விளையும் பெரிச்சிக் குன்றுகளுக்கு வாக்கப்பட்டு வரும்வரை ஒயின் என்றால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தண்ணீர் விட்டுக் கொடுக்கும் அரை டம்ளர், அவ்வளவுதான். புகுந்த வீடான ஸோர்தான் குடும்பத்திலோ மூன்று தலைமுறையாக வேறு பேச்சே கிடையாது.

கல்யாணமான மூன்றாம் வருடம், ஒரு மதியச் சாப்பாட்டில் அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வெங்காயம் நறுக்கின கத்தியாலயே பேரிக்காயையும் வெட்டிட்டீங்களா மாமா?"

கணவன் ஒத்தொரீனோவும் கொழுந்தன் அத்தீலியோவும் சிரித்தார்கள். மாமனார் பொர்த்தொலோ சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் அவளை நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பீப்பாய்களின் முன்னால் நிறுத்தினார்.

"இந்த வீட்டு ஆம்பளைங்க எல்லாம் சுருட்டுப் பிடிச்சு மூக்கைப் பொசுக்கிட்டோம். இனிமே கலக்கற வேலை உன்னோடது."

போர்தோ ஊர் ஒயின்காரர்களைப் போல மூன்று வகைத் திராட்சையைத் தனித்தனியே ஒயினாக்கி, குளிர்காலத்தில் அளவு பார்த்துக் கலப்பது அவர்கள் வீட்டு வழக்கம். கீழ்க்காட்டில் மெர்லோ. நடுவில் கபெர்னே. உச்சியில், சிவந்த மண்ணும் சுண்ணாம்புக் கல்லுமாகக் கிடந்த மேல்காட்டில், கபெர்னேயின் இன்னொரு இனமான ஃப்ராங்க். போர்க் கைதியாக இருந்து திரும்பி வந்த வருடம் பொர்த்தொலோ தன் கையாலேயே குழி தோண்டி நட்ட கொடிகள் அவை. மூன்றிலும் சமபங்கு போட வேண்டும் என்பது அவர் கணக்கு.

எழுபத்திரண்டாம் வருடக் குளிர்காலத்தில் நிவெஸ் முதன்முதலாகக் கலந்து பார்த்தாள். மெர்லோ நன்றாக இருந்தது. கபெர்னே நன்றாக இருந்தது. மேல்காட்டு ஒயினைச் சேர்த்ததும் மொத்தமும் பச்சைக் குடைமிளகாயின் காம்பைக் கிள்ளியதுபோல நாறியது. பாதியாகக் குறைத்தாள். அப்போதும் நாறியது. கடைசியில் பெயருக்கு ஒரு வாளி மட்டும் ஊற்றிவிட்டு மீதியை, வீட்டின் மிச்ச ஒயினை எப்போதும் வாங்குகிற நாற்சந்திச் சாப்பாட்டுக் கடைக்கு அனுப்பினாள். அங்கே கருவாடும் சோளக்களியும் சாப்பிட வருகிறவர்கள் அதை விரும்பித்தான் குடித்தார்கள்.

மாமனாரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்தப் புட்டிகளைத் திறந்தபோது ஊரே மெச்சியது. பொர்த்தொலோ கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு விழுங்கி, "பாத்தியா, மேல்காடு பேசுது" என்றார். நிவெஸ் தலையாட்டினாள். அவர் இறந்த பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதே வார்த்தையை ஒத்தொரீனோ சொன்னான். அதற்கும் தலையாட்டினாள். அப்படியே இருபத்தோரு வருடம் ஓடிப்போயிற்று.

தொண்ணூற்று மூன்று மே மாதத்தில், பட்டுப்போன கொடிகளுக்கு மாற்று நாற்று கேட்டிருந்தார்கள். நாற்றுப்பண்ணையிலிருந்து லோரெல்லா என்ற பெண் பார்க்க வந்தாள். மேல்காட்டில் நின்று ஒரு தளிரைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்த வரிசைக்குப் போய் இன்னொன்றைத் திருப்பினாள்.

"இது ஃப்ராங்க் இல்லீங்க."

"என்னது?" என்றான் ஒத்தொரீனோ.

"தளிரோட அடிப்பக்கம் சிவப்பா இருக்கு பாருங்க. இது கார்மெனேர்னு வேற ஒரு திராட்சை. இந்தப் பக்கத்துல நிறையப் பேர் இதைத்தான் ஃப்ராங்க்னு நெனச்சு வச்சிருக்காங்க."

"எங்கப்பா கையால நட்டது, தெரியுமா?"

"நட்டது அவர்தான். வித்தவன் மாத்திக் கொடுத்திருப்பான்."

டிராக்டர்மேல் உட்கார்ந்திருந்த அத்தீலியோவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நல்லவேளை, நம்ம ரெண்டு பேர் அடிப்பக்கத்தையும் யாரும் திருப்பிப் பாக்கலைண்ணா!"

ஒத்தொரீனோ திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

"எப்பப் பறிக்கிறீங்க?" என்று லோரெல்லா கேட்டாள்.

"மெர்லோ முடிஞ்ச கையோட. செப்டம்பர் இருபது வாக்குல. அப்பா காலத்துலேருந்து அப்படித்தான்."

"இது பழுக்க அக்டோபர் பாதி தாண்டணும். இத்தனை வருஷமும் காயைப் பறிச்சிருக்கீங்க."

குடைமிளகாய் வாசனை எங்கிருந்து வந்தது என்பது அந்த நிமிடம் நிவெஸுக்குப் புரிந்தது. மண் மோசமில்லை, கொடி மோசமில்லை. மாமனாருடைய காட்டைத் தான் மட்டமாக நினைத்திருந்தது எத்தனை வருடம் என்று எண்ணிப் பார்த்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள், தட்டிலிருந்த பட்டாணிச் சோற்றைக் கிண்டிக்கொண்டே ஒத்தொரீனோ முடிவைச் சொன்னான்.

"இந்தக் குளிர்ல மேல்காடு முழுக்கப் பிடுங்கிடறேன். நெசமான ஃப்ராங்க் நடறேன். அப்பா நட்டதா நெனச்சது அதைத்தானே."

"ஒரு வருஷம் விட்டுப் பாப்போம், ஒத்தோ. நல்லாப் பழுக்கட்டும்."

"எதுக்கு? நம்ம ஒயின்ல மூணுல ஒரு பங்கு அதுதான். ஒரு பங்கையே சூதுல வைக்கச் சொல்றியா?"

நிவெஸ் கையிலிருந்த தட்டை மேசைமேல் வைத்தாள்.

"ஒரு பங்கு இல்லை. ஒரு வாளி."

"என்ன சொல்றே?"

"நான் கலக்க வந்ததுலேருந்தே ஒரு வாளிதான் ஊத்தறேன். மத்ததெல்லாம் நாற்சந்திக் கடைக்குப் போகுது. நாத்தம் தாங்கலை. மாமாகிட்ட சொல்ல முடியலை. அப்புறம் உன்கிட்டயும் சொல்ல முடியலை."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். ஒன்பது நாள் தம்பி வீட்டில்தான் சாப்பாடு. பத்தாம் நாள் நாற்சந்திக் கடையில் போய் உட்கார்ந்து, தன் அப்பாவின் மேல்காட்டு ஒயினை ஒரு குவளை வாங்கிக் குடித்தான் என்று கடைக்காரன் பிறகு சொன்னான். பாதிக் குவளையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தானாம்.

வீட்டுக்கு வந்ததும் வாசற்படியில் நின்றபடியே சொன்னான். "நாத்தம்தான்." தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு, "இருபத்தோரு கிறிஸ்துமஸ் என்னை முட்டாளாக்கியிருக்கே" என்றான்.

"ஆமா."

"ஒரே வருஷம் விடறேன். மழை வந்து அழுகிச்சுன்னா உன் தலையிலதான் விடியும்."

மழை வந்தது. மெர்லோவும் கபெர்னேயும் உள்ளே போன பிறகு மேல்காடு மட்டும் பழத்தோடு நின்றது. குளவி மொய்த்தது. நாகணவாய்ப் பறவைக் கூட்டம் சாயங்காலமானால் வந்து இறங்கியது. பூசைக்குப் போகிற வழியில் ஊர்க்காரர்கள் நின்று, "என்ன ஒத்தோ, ஒரு காட்டையே மறந்துட்டியா?" என்று கேட்டார்கள். ஆனால் தினமும் காலையில் நிவெஸுக்கு முன்னால் அவன்தான் மேலே போய் ஒரு பழத்தைக் கடித்து, விதை பழுத்துப் பழுப்பாகிவிட்டதா என்று துப்பிப் பார்த்தான்.

அக்டோபர் இருபத்தொன்றில் பறித்தார்கள். பாதிக் குலைகள் அழுகிப் போயிருந்தன. அத்தீலியோவும் சேர்ந்து மூன்று பேருமாகக் குலை குலையாகக் கையில் எடுத்து, கெட்ட பழங்களைக் கத்தரியால் நீக்கினார்கள். நான்கு பீப்பாய் வரவேண்டிய இடத்தில் ஒன்றரைதான் தேறியது.

பிப்ரவரியில் நிவெஸ் அவனை நிலவறைக்கு அழைத்தாள். அங்கே இத்தனை வருடமும் அவள் தனியாகத்தான் கலந்திருக்கிறாள். மேல்காட்டு ஒயினைத் தனியாக ஒரு குவளையில் ஊற்றிக் கொடுத்தாள். அது பிரமாதம் என்று சொல்ல முடியாது. பச்சை வாசனை முழுக்கப் போகவில்லை. ஆனால் அடங்கி, நுணுக்கிய மிளகுபோலவும் கணப்புப் புகைபோலவும் மாறியிருந்தது. ஒத்தொரீனோ மோந்தான், குடித்தான், மறுபடி மோந்தான்.

"மூணுல ஒரு பங்கு போடலாமா?"

"வேண்டாம். கபெர்னேயை அமுக்கிடும். அஞ்சுல ஒண்ணு."

"அஞ்சுல ஒண்ணுன்னா நெசமாவே அஞ்சுல ஒண்ணா?"

"நம்பலைன்னா நீயே ஊத்து."

அவனே அளந்து ஊற்றினான்.

மேல்காட்டைப் பிடுங்கும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. புட்டிச் சீட்டில் மட்டும் ஃப்ராங்க் என்ற பெயரை எடுத்துவிட்டு வெறும் 'சிவப்பு' என்று போட்டார்கள். ஒவ்வொரு பிப்ரவரியும் அவன் தானாகவே நிலவறைக்கு இறங்கி வந்தான். சத்தமாக மோந்தான், தெரியாததையும் தெரிந்ததுபோலப் பேசினான், அவள் அளந்து வைத்த குவளைகளை இடம் மாற்றி வைத்தான். நிவெஸுக்கு எரிச்சலாக வந்தது. பீப்பாய்களோடு தான் தனியாக இருந்த அந்த அமைதியான காலைகளை அவள் இழந்துவிட்டாள்; அந்தப் பொய்யோடு சேர்ந்து அதுவும் போயிற்று. சில நாள் அதற்காக ஏங்கினாள் என்பதும் உண்மை.

இரண்டாயிரத்து இரண்டில் கோடை முழுக்க மழை விடவே இல்லை. மேல்காடு அந்த வருடம் பழுக்கவில்லை. பிப்ரவரியில் நிலவறையில் அதன் ஒயின் குவளையை மூக்கருகே கொண்டுபோன ஒத்தொரீனோ அதைக் கீழே வைத்தான்.

"இந்த வருஷம் ஒரு சொட்டும் வேண்டாம் நிவெஸ்" என்றான்.

அவள் பீப்பாயை மூடினாள். இருவரும் மெர்லோவை ருசி பார்க்க உட்கார்ந்தார்கள்.