மாமாவின் கடிகாரம் நின்ற தைப்பூசம்

தந்தையார் நீராடித் திருநீறு பூசியதும் எங்கள் வீட்டில் முதலில் கேட்பது, அவர் தம் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் "கிர்ர், கிர்ர்" என்ற ஓசைதான். செமோர் ஊரை அடுத்த ரப்பர்த் தோட்டத்தில் "கிராணி"யாக எழுத்து வேலை பார்த்த அவர், முப்பது முறை திருகியபின் குமிழ் இறுகி நிற்கும் கணத்தில் கண்களை மூடுவார், பதிகம் தொடங்கும். ஓய்வுபெற்றுச் சென்ற வெள்ளைக்காரத் துரை அன்பளிப்பாகக் கொடுத்த சுவிஸ் கடிகாரம் அது. மெலிந்த தங்க உடல், பழுப்பேறிய முகம்.

ஈப்போ நகரில் பணிபுரிந்த தாய்மாமனிடம் அதே வகையின் அடுத்த தலைமுறை இருந்தது. எழுத்தும் முட்களும் மாறவில்லை. உடல் தடித்து, தேதி காட்டும் சிறு சாளரம் ஒன்று கூடியிருந்தது. சந்திக்கும்போதெல்லாம் இருவரும் மணிக்கட்டுகளை அருகருகே வைத்து ஒப்பிடுவார்கள்.

"உங்க வாட்ச் தாத்தா, மச்சான்! என்னுது பேரன் லா," என்பார் மாமா.

"பேரனுக்குத் தொந்தி விழுந்திருச்சே," என்பார் தந்தையார்.

எனக்குப் பத்து வயதான ஆண்டில், இருமுறை கருவிழந்த, மாமாவின் மனைவியான அத்தை மூன்றாம் முறை சூலுற்று மருத்துவமனையில் படுத்திருந்தார். பிள்ளை நலமாகப் பிறக்கவேண்டுமென்று மாமா தைப்பூசக் காவடிக்கு நேர்ந்துகொண்டு, விரத நாட்களில் எங்கள் வீட்டில் தங்கினார். விரதக்காரர் உடம்பில் விலங்குத் தோல் படலாகாது. வந்த அன்றே கடிகாரத்தைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"தோல் வாரு, கட்டக்கூடாது. இடும்பன் பூசை முடிஞ்சி வாங்கிக்கிறேன். பத்திரமா வச்சிரு பாப்பா."

முருகன் படத்தடியில் வைத்தேன். மறுநாள் காலை, தந்தையாரைப் போலவே நீறு பூசி, அதற்குச் சாவி கொடுத்தேன். முப்பது எண்ணியும் குமிழ் இறுகவில்லை. ஐம்பதிலும் தடையின்றிச் சுழன்றது. உள்ளே வில் அறுந்துவிட்டது என்றே எண்ணினேன். அதன்பின் குமிழைத் தொடவில்லை; இரண்டு நாள் கழித்துக் காலையில் பார்த்தால் முள் நின்றிருந்தது. காதில் வைத்தேன், ஓசையே இல்லை. பிள்ளைக்காக வேண்டி வைத்த படத்தடியில், என் கையால் ஒன்று ஓய்ந்துபோயிற்று.

"இந்தத் தடவையாவது தங்கணும்," என்று அம்மா அடுப்படியில் சொல்லும்போதெல்லாம் படத்தடிக்கு ஓடுவேன். முகப்பு தெரியாதபடி அதன்மேல் மல்லிகையைக் குவித்து வைப்பேன். மாமா படத்தின்முன் குனிந்து எழும்வரை, பார்த்துவிடுவாரோ என்ற நடுக்கத்தில், குரலை உயர்த்திப் பதிகம் பாடுவேன். குரல் இனிமையாய் இருப்பதாக அவர் மெச்சுவார்.

பூசம் கழிந்து, இடும்பன் பூசையும் முடிந்து, விரதம் விட்ட பந்தியில் மாமா கடிகாரத்தைக் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பார்க்கக்கூட இல்லை. கட்டிக்கொண்டு, காவடி எடுத்த கதையைக் கைகளை வீசி வீசிச் சொன்னார். முள் ஓடத் தொடங்கியது.

"என்ன பாப்பா பாக்குற? கையில கட்டினாத்தான் ஓடும். கழட்டி வச்சா ரெண்டு நாள்ல தூங்கிடும் லா."

"சாவி கொடுத்தா?"

"எவ்வளவு திருகினாலும் இறுகாது. வழுக்கிக்கிட்டே போவும்."

"பேரனுக்குக் கட்டுப்பாடு கெடையாதுன்னு சொல்லு," என்றார் தந்தையார்.

எல்லோரும் சிரித்தார்கள். கடிகாரம் பிழைத்தது, பிள்ளை இன்னும் பிறக்கவில்லையே என்று நான் நாட்களை எண்ணத் தொடங்கினேன். பதினோராம் நாள்தான் மகன் பிறந்த செய்தி வந்தது.

தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. தந்தையாரும் மாமாவும் இல்லை; மாமாவின் கடிகாரம் என்னிடம் வந்து சேர்ந்தது. தந்தையாரின் கடிகாரத்தில் உண்மையாகவே வில் அறுந்து, அந்தக் "கிர்ர்" ஓசை நின்று பல்லாண்டாயிற்று. அன்று பிறந்த மாமா மகனாகிய தம்பி, தன் கடிகாரத்தோடு சென்ற மாதம் வந்திருந்தான். அதே வகையின் இன்றைய தலைமுறை. முதுகில் கண்ணாடி, உள்ளே சக்கரங்கள் தெரிகின்றன. கட்டாத நேரத்தில் அதை ஓயாமல் சுழற்றிக்கொண்டிருக்க மோட்டார்ப் பெட்டி ஒன்றும் வைத்திருக்கிறான்.

"அக்கா, எங்கப்பா வாட்ச்சையும் இதுல வச்சிருவோம். நிக்கவே நிக்காது."

"வேணாம் தம்பி. அது எங்கிட்டயே இருக்கட்டும்."

முருகன் படத்தடியில் அது இப்போது நின்றே இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு பாடும் காலைகளில்தான் என் குரல் அன்றுபோல் நடுங்குகிறது.