தெய்வானை அம்மாள் எறிந்த கல்

சென்ற வெள்ளிக்கிழமை காலை கொல்லிமலையின் எடப்புளி நாட்டுப் பெரியண்ணக் கவுண்டர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அன்று சந்தை இல்லை. தோளில் மிளகு மூட்டையும் இல்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ஏனுங்க, நம்ம கொரங்குக்கார அம்மா போயிட்டாங்க. காச்சலுங்க. டோலி கட்டித் தூக்கிக்கிட்டுத்தான் எறங்குனோம். அடிவாரம் வந்து சேரையில மூச்சில்லீங்க."

அந்த மலையின் மலேரியாக் காய்ச்சல் அவரை அதற்கு முன்னும் பலமுறை படுக்க வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் கொய்னா மாத்திரையை விழுங்கிவிட்டு எழுந்து காட்டுக்குப் போனவர், இம்முறை எழவில்லை.

சென்னையில் அவரிடம் படித்தவர்களுக்கு அவர் விலங்கியல் ஆசிரியை தெய்வானை அம்மாள். சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு மலைக்குப் போனவர், பிறகு வேலையையே விட்டவர் என்ற அளவில் அவர்கள் அறிவார்கள். மலையில் அவர் என்ன செய்தார் என்பதை அருகிலிருந்து பார்த்தவர்களில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்போது அந்த மலைக்கு நான் ரேஞ்சர். அவருக்கு நண்பனாவதற்கு முன்பு நெடுநாள் எதிர்க்கட்சியில் இருந்தவன்.

காட்டில் தங்க அனுமதி கேட்டு அவர் என் அலுவலகத்துக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. நாற்பது வயது இருக்கும். மெலிந்த உருவம், சாம்பல் நிறப் பருத்திப் புடவை. குரங்கைப் பார்ப்பதற்கு மலையேற வேண்டுமா, ஏதாவது கோயிலுக்குப் போனால் போதாதா என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அவர் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார்.

"கோயில் குரங்கு தேங்காய் மூடிக்குப் பழகியது. யாரும் எதுவும் தராத இடத்தில் அது எப்படிப் பிழைக்கிறது, யாரோடு சேர்கிறது, யாருக்கு வழி விடுகிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்."

அனுமதி கொடுத்தேன். ஒரு மழைக்காலம் தாங்கமாட்டார் என்பது என் கணக்கு.

அவர் தேர்ந்துகொண்டது எடப்புளி நாட்டின் மேற்குச் சரிவில் திரிந்த ஒரு கூட்டம். முதல் வருடம் முழுவதும் அவரைக் கண்டாலே அவை மரம் விட்டு மரம் தாவி மறைந்தன. அவர் துரத்திப் போகவில்லை. தினமும் ஒரே பாறையில், ஒரே நிறப் புடவையில் போய் உட்கார்ந்தார். தின்பதற்கு ஒன்றும் போடவில்லை, கூப்பிடவில்லை. ஒருமுறை நான் பூட்ஸ் காலோடு சருகை மிதித்துக்கொண்டு அங்கே போய்விட்டேன். கூட்டம் சிதறிப் பள்ளத்தில் இறங்கியது. அவர் கோபப்படவில்லை.

"ஒரு மாதத்து வேலையைக் கலைத்துவிட்டீர்கள், ரேஞ்சர். பரவாயில்லை, உட்காருங்கள். வந்ததற்கு வேறொன்றைப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்று பாறையிடுக்கில் எறும்புகள் போன தடத்தைக் காட்டினார்.

மூன்றாம் வருடம் அவர் எழுந்து நடந்தாலும் குரங்குகள் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தக் கூட்டத்தை நடத்தியது ஒரு கிழப் பெண் குரங்கு. காது கிழிந்திருந்ததால் அதற்குக் கிழிகாது என்று பெயர் வைத்திருந்தார். கை நீட்டினால் தொடும் தூரத்தில் அது குட்டிக்குப் பேன் பார்க்கும். அவர் ஒருநாளும் கை நீட்டியதில்லை. "தொட்டால் அது என் குரங்காகிவிடும். பிறகு அதைப் பற்றி நான் எழுதுவது எதற்கும் மதிப்பில்லை" என்பார்.

பிறகு யுத்தம் வந்தது. கீழிருந்து அரிசி ஏறுவது நின்றது. மழையும் பொய்த்த ஒரு வருடத்தில், மலைக்காரர்களுக்கு மிஞ்சியது சரிவுகளில் விளைந்த சாமைதான். காட்டில் பழம் இல்லாததால் கிழிகாதின் கூட்டமும் அந்தச் சாமையில் இறங்கியது. பால் பிடிக்கும் கதிரை உருவித் தின்றதைவிட மிதித்து அழித்தது அதிகம்.

அந்தச் சமயத்தில்தான் குரங்கு பிடித்து விற்கும் கீழ்நாட்டுக் குத்தகைதாரர் ஒருவர் வலைக்காரர்களோடு வந்து சேர்ந்தார். கூட்டம் முழுவதையும் பிடித்துக் கூண்டில் அடைத்து வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடங்களுக்குக் கப்பலேற்றிவிடுவதாகச் சொன்னார். ஊருக்கு அது நல்லதாகப் பட்டது. எனக்கும் நல்லதாகவே பட்டது. அனுமதி உத்தரவு எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊர்க்கூட்டத்துக்குப் போனேன். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

பெரியண்ணக் கவுண்டர் சுற்றி வளைக்காமல் கேட்டார்: "அம்மா, அதுக எந்த மரத்துல அடையுதுன்னு உங்களுக்குத் தெரியும். வலைக்காரங்களுக்குக் காட்டி உடுங்க."

"தெரியும். சொல்ல மாட்டேன்."

கவுண்டரின் மனைவி வெள்ளச்சி எழுந்தார். தெய்வானை அம்மாள் தினமும் சாப்பிட்டது அவர் கையால்தான்.

"அப்ப எங்க புள்ளைங்க என்னத்தத் திங்கறதுங்க, அம்மிணி?"

தெய்வானை அம்மாள் வெள்ளச்சியின் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "அறுப்பு முடியும்வரை காவலுக்கு நான் வருகிறேன். இனி ஒரு வயல் அழிந்தாலும் மரத்தை நானே காட்டுகிறேன்."

ஊர் ஒப்புக்கொண்டது. உத்தரவை நான் பையிலேயே வைத்துக்கொண்டேன். குத்தகைதாரர் வலைகளோடு அடிவாரத்தில் காத்திருந்தார். அவர் அதிகநாள் காத்திருக்க வேண்டியிராது என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை நானும் வயலுக்குப் போனேன். தெய்வானை அம்மாள் தகரத்தைத் தட்டினார், கத்தினார், கையை வீசினார். மற்றப் பெண்கள் சத்தம் போட்டால் தயங்கி நின்ற குரங்குகள் அவர் நின்ற பக்கமாகவே உள்ளே வந்தன. வெள்ளச்சிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"உங்களக் கண்டா அதுகளுக்குப் பயமே இல்லீங்களே அம்மிணி. நீங்க அதுக ஊட்டு ஆளாட்டம்."

அத்தனை வருடம் பாறையில் உட்கார்ந்து சம்பாதித்தது அதுதான். அவரைவிட மோசமான காவல்காரர் அந்த மலையில் இல்லை.

கிழிகாது வரப்பில் ஏறி அவர் காலருகே வந்து உட்கார்ந்தது. ஒரு கதிரை ஒடித்தது. தெய்வானை அம்மாள் குனிந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தார். அதன் தோளில் பட்டது. கிழிகாது ஓடவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாததுபோல அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பிறகு அவர் முகத்தைப் பார்த்தது. அவர் அதன் பார்வையைத் தவிர்க்காமல் இன்னொரு கல்லை எடுத்து இன்னும் பலமாக எறிந்தார்.

கூட்டம் முழுதும் அலறிக்கொண்டு காட்டுக்குள் ஓடியது. அவர் வரப்பில் உட்கார்ந்து வெள்ளச்சியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு, "கவண் சுற்றுவது எப்படி என்று காட்டுங்கள்" என்றார்.

அறுப்பு வரை அவரும் வெள்ளச்சியும் பொழுது விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பரணில் இருந்தார்கள். சாம்பல் புடவை தெரிந்தாலே போதும், சிறுத்தையைக் கண்டால் எழுப்பும் குரலைக் குரங்குகள் எழுப்பின. "எனக்கும் சிறுத்தைக்கும் ஒரே குரல் ஆகிவிட்டது" என்று தெய்வானை அம்மாள் சிரித்தார். அன்று மாலையே அதையும் எழுதி வைத்தார்.

சாமை வீடு வந்து சேர்ந்தது. குத்தகைதாரர் வெறும் கூண்டுகளோடு திரும்பினார். என் பையிலிருந்த உத்தரவை வெள்ளச்சியின் அடுப்பில் போட்டேன். அன்று அவர் சமைத்த சாமைச் சோற்றையும் அவரைக்குழம்பையும் நாங்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். தெய்வானை அம்மாள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தக் கூட்டம் அதன்பின் அவரை அண்ட விடவில்லை. ஒரு வருடம் முயன்று பார்த்துவிட்டுப் பைல் நாட்டுப் பக்கம் போய், வேறொரு கூட்டத்தோடு முதலிலிருந்து தொடங்கினார். அப்போது அவருக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. நான் ஓய்வு பெறுவதற்கு முன் அங்கே போய் அவரைப் பார்த்தேன். இத்தனை வருட உழைப்பு போயிற்றே, வருத்தமில்லையா என்று கேட்டேன்.

"எங்கே போயிற்று? அவை யார் என்று எனக்குத் தெரியும். நான் யார் என்று அவற்றுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை" என்றார். சொல்லிவிட்டு மரத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அவர் எழுதியவை முழுவதும் பத்திரமாக இருக்கின்றன. சென்னையில் உடன் வேலை பார்த்தவர்கள் அவற்றை வெளிக்கொண்டு வருவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பைல் நாட்டுக் கூட்டத்தைப் பற்றிய பகுதி மட்டும் பாதியில் நிற்கும். அதைத் தொடர இன்னொருவர் மலையேறத்தான் வேண்டும், ஏறுவார்கள்.

வெள்ளிக்கிழமை கவுண்டர் கிளம்பும்போது, எடப்புளிக் கூட்டம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குதுங்க. கெழடு செத்துப் போச்சு, அதோட மக இப்ப முன்னால வருது. இந்த வருசமும் தொரத்திக்கிட்டுத்தான் இருக்கறோம்."

கிழிகாதுக்கு மகள் உண்டென்பது அந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தியாக இருந்தது. தெய்வானை அம்மாள் சொல்லித்தான் தெரிந்திருக்கும்.

என்னிடம் அவருடைய படம் இல்லை. கடிதமும் இல்லை. ஊர் முழுதும் எதிரில் உட்கார்ந்திருக்க அவர் "சொல்ல மாட்டேன்" என்றதும், மறுநாள் காலை தன் குரங்குகளைத் தானே விரட்ட வயலுக்கு நடந்து போனதும்தான் என்னிடம் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் நான் ஒருநாளும் நினைத்ததில்லை.