கன்னியப்பனின் இடது கை

தோலை மேசைமேல் விரித்ததும் கன்னியப்பன் கண்ணை மூடிக்கொள்வார். வலது கை கழுத்துப் பக்கத்தை இழுத்துப் பிடித்திருக்கும். இடது கையின் நாலு விரலும் முதுகிலிருந்து வயிறுவரை ஒருமுறை போய் வரும். அவ்வளவுதான். "ஒண்ணு" என்பார். அடுத்த தோலுக்கு "மூணு". எங்காவது விரல் தயங்கினால் வாயைத் திறக்கமாட்டார். மடித்துக் காலடியில் தனியாக ஒரு குவியலில் போடுவார். அது சந்தேகக் குவியல். மறுநாள் காலை, வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில்தான் அதற்குத் தீர்ப்பு.

ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப் ஒன்றில் இருபது வருஷமாகத் தரம் பிரிக்கிறவர். வயது நாற்பத்தைந்து, ஆள் குள்ளம். ஆவாரம்பட்டை வாசனை முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் புரட்டிப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, தட்டில் வைத்த தோசையானாலும் சரி. "முன்பக்கம் எல்லாருந்தான் பாக்கறான். வெவகாரம் பின்னாடி கீது" என்பார்.

"என்னை எந்தக் குவியல்ல போட்ட?" என்று அவர் மனைவி கெங்கம்மாள் ஒருநாள் கேட்டாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"இன்னும் விடியலையே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாளும் வந்துவிட்டால் இதே மனிதர் வெள்ளைப் பேன்ட் போட்டுக்கொண்டு கல்யாணக் கச்சேரியில் கித்தார் வாசிப்பார். வாலாஜாபேட்டையிலிருந்து கணியம்பாடிவரை, அவருடைய கச்சேரிப் பார்ட்டியைத் தேடி ஆள் வரும். முன்பெல்லாம் கித்தாரை மடியில் படுக்கவைத்து, இரும்புத் துண்டால் கம்பியை வழித்து வாசிப்பார். விரலுக்கு வேலையே இல்லை. இப்போது எவனுக்கு அது பிடிக்கிறது? நின்றுகொண்டு, தோளில் மாட்டி, கரண்டு கித்தார் வாசிக்கவேண்டும். போன பொங்கலுக்கு வேலூரில் ரஷீத் அஹமது கடையில் கல்கத்தா கித்தார் ஒன்று முன்னூறு ரூபாய்க்கு வாங்கினார். ரேடியோவும் கிராமபோனும் விற்கிற கடை அது. ரஷீத் இவருக்குப் பழைய சினேகிதர்.

கம்பி அந்தக் கித்தாரில் உயரமாக நின்றது. அழுத்தி அழுத்தி, ஆறே மாதத்தில் இடது கை விரல் நுனி நாலும் காய்த்துப்போயின. புளியங்கொட்டைமாதிரி.

ஆடி மாதம் மெட்ராசுக்குப் போன முதல்தர ஆட்டுத்தோல் கட்டு ஒன்று திரும்பி வந்தது. உள்ளே மூன்று தோலில் அம்மை வடு. கண்ணால் பார்த்தால் மாட்டாத, விரலுக்கு மட்டும் மாட்டுகிற வடு. மேஸ்திரி வேலு அதை மேசைமேல் போட்டார்.

"இன்னா கன்னியப்பா இது?"

கன்னியப்பன் தடவிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தரம் தடவினார். விரல் நுனிக்கும் தோலுக்கும் நடுவில் யாரோ செருப்புத் தைத்துப் போட்டதுபோல இருந்தது.

"சோத்துக்கையாலதான் பாரேன்."

"அதுக்குச் சோறுதான் மேஸ்திரி தெரியும்."

வேலு சிரிக்கவில்லை. "கித்தார்க் கையா, தோல் கையா? ரெண்டுல ஒண்ண வச்சுக்கோ. தீபாவளி வரைக்கும் பாக்கறேன். அப்பறமும் இப்படின்னா சுண்ணாம்புக் குழிக்கு எறங்கிடு."

சுண்ணாம்புக் குழி என்றால் இடுப்பளவு சுண்ணாம்புத் தண்ணியில் நின்று தோல் புரட்டுகிற வேலை. அதில் இறங்கினவன் விரல் வெந்துபோய்க் கம்பியையும் பிடிக்காது, சோற்றையும் சரியாகப் பிடிக்காது. கன்னியப்பன் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

இந்த நேரம் பார்த்து ரஷீத்திடமிருந்து ஆள் வந்தது. கடைக்குச் சீமைக் கித்தார் ஒன்று வந்திருக்கிறதாம். கன்னியப்பன் பஸ் ஏறினார். பளபளவென்று சிவப்பு வார்னிஷ். கம்பி, கழுத்துக் கட்டையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. தொட்டால் போதும், அமுங்குகிறது. சத்தமோ தேன்.

"இதுல வாசிச்சா கை காய்க்காது தோஸ்த். பழசைக் குடுத்துட்டு மேல எண்ணூறு குடு. உனக்குன்னுதான் இந்த ரேட்டு. வேற எவன் கேட்டாலும் ஜாஸ்தி" என்றார் ரஷீத்.

எண்ணூறு ரூபாய் வீட்டில் இருந்தது. ஆனால் அது கித்தார்ப் பணம் இல்லை, எருமைப் பணம். மூன்று வருஷமாகக் கெங்கம்மாள் தகர டப்பாவில் சேர்த்தது. நெமிலியில் ஒரு கறவை எருமையைச் சொல்லியும் வைத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டவள் டப்பாவை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எடுத்துக்கோ. குழியில எறங்காத. எருமை எங்க போவப்போவுது?"

அவள் சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். சும்மா வைத்துவிட்டுப் போய்விட்டாள். கன்னியப்பன் டப்பாவைத் திறக்கவில்லை. சந்தேகக் குவியலில் போட்டார். ஒரு நாள் இல்லை, எட்டு நாள்.

ஒன்பதாம் நாள் காலை டப்பாவோடும் பழைய கித்தாரோடும் மறுபடி ரஷீத் கடைக்குப் போனார். முதலில், கல்யாண வீட்டுக்கு வாடகைக்குப் போகிற குழாய் ஸ்பீக்கரில் இரண்டு கித்தாரையும் மாட்டச் சொன்னார். வாசித்தார். தேனாக இருந்ததும் தகரமாயிற்று, பழசும் தகரமாயிற்று.

"கொழாய்க்குள்ள பூந்துட்டா எல்லாம் ஒரே ஜாதிதான் பாய்."

"சரிப்பா. ஆனா கை? கைக்கு இன்னா பண்ணுவ?"

கன்னியப்பன் சீமைக் கித்தாரைக் கையில் எடுத்தார். வழக்கம்போலப் பின்பக்கம் புரட்டினார். பிறகு பக்கவாட்டில் சாய்த்து, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தார். கம்பிகள் வந்து உட்காருகிற குதிரைக்கு அடியில் இரண்டு திருகாணி தெரிந்தது.

"இது எதுக்கு பாய்?"

"குதிரைய ஏத்தி எறக்க. ஏத்தினா கம்பி மேல போவும், எறக்கினா கீழ வரும்."

கன்னியப்பன் தன் கித்தாரை எடுத்தார். அதிலும் குதிரை இருந்தது. திருகாணி இல்லை. வெறும் மரக்கட்டை. ஒரு தபால் கார்டை நாலாக மடித்துக் கம்பிக்கு அடியில் நுழைத்தார். உள்ளே போய் ஆடியது. சீமைக் கித்தாரில் இரண்டு மடிப்பே கம்பியில் தட்டியது. கார்டை விரலிடுக்கில் வைத்துத் தடவினவர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார்.

"இன்னாய்யா, பைத்தியம் கியித்தியம் புடிச்சிடுச்சா?"

"தடிப்பு பாய்! வெறும் தடிப்பு! தடிச்ச தோல் வந்தா ஷாப்புல இன்னா பண்றோம்? வேற தோலா வாங்கறோம்? அடியில சீவறோம்!"

ரஷீத்துக்கு எண்ணூறு ரூபாய் கைவிட்டுப் போனது. இருந்தாலும் அவரும் சிரித்துவிட்டார். "பேஜார் புடிச்ச ஆளுய்யா நீ" என்று டீ வரவழைத்தார். அந்த டீயை எட்டு நாளில் முதல் தடவையாக ருசித்துக் குடித்ததாகக் கன்னியப்பன் சொல்கிறார்.

வீட்டுக்கு வந்து கம்பிகளைத் தளர்த்தி, குதிரைக் கட்டையைக் கழற்றி, அதன் அடியைத் தோல் சீவுகிற கத்தியால் சீவினார். ஒரே மூச்சில் இல்லை. ஒரு சீவல், மாட்டிப் பார்ப்பது, கார்டு நுழைத்துப் பார்ப்பது, மறுபடி கழற்றுவது. "சீவினது சீவினதுதான், ஒட்ட முடியாது" என்று கெங்கம்மாளைப் பக்கத்தில் வரவே விடவில்லை. சாயங்காலம் கார்டின் இரண்டு மடிப்பு தட்டியது. ஒரு கம்பி மட்டும் கொஞ்சம் கறகறவென்றது. அது இன்றைக்கும் கறகறக்கிறது. கல்யாண வீட்டில் எவனும் கேட்டதில்லை.

காய்ப்பு உரிந்து விழ ஆறு வாரம் ஆயிற்று. தீபாவளிக்கு முந்தின வாரம் வேலு ஒன்றும் சொல்லாமல், வடு இருக்கிற தோல் ஒன்றை நல்ல தோல் கட்டுக்கு நடுவில் செருகிவிட்டு எதிரில் நின்றார். கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு "ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு" என்று போய்க்கொண்டிருந்தவர், விரலை நிறுத்தினார். மடித்துக் காலடியில் போட்டார்.

"குழிக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்று வேலு நகர்ந்துவிட்டார்.

கார்த்திகையில் நெமிலியிலிருந்து எருமை வந்தது. கெங்கம்மாள் மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கயிற்றைக் கையில் வாங்கினாள். "வந்து பாருய்யா" என்று கூப்பிட்டாள். கன்னியப்பன் வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, மடியைப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடப்பாவி மனுசா, அது உசுரோட கீதுய்யா!" என்று அவள் கத்தினாள்.

இடது கை முதுகிலிருந்து வயிற்றுப் பக்கமாக மெதுவாக இறங்கியது. எருமை காதை ஆட்டிக்கொண்டு நின்றது. விலாவுக்குக் கீழே ஓரிடத்தில், எப்போதோ உண்ணி கடித்து ஆறிய கடுகளவு தழும்பின்மேல் விரல் நின்றது. கண்ணைத் திறக்காமலே, அந்த இடத்தை மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.